பச்சை உடம்புக்காரியின் மனம்: ஒரு கணவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி எழுதியிருக்கும் தம்பி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவருடைய மனைவிக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவருக்கும் இது முதல் குழந்தை. மனைவி குடியாத்தம் பக்கத்தில் தாய் வீட்டில் இருக்கிறார், இவர் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். குழந்தை தூங்கும் நேரத்தில்கூட மனைவி தூங்குவதில்லை. பால் கொடுத்து முடித்ததும் குழந்தையைத் தன் அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். "இது என் கொழந்த மாதிரியே தோணல" என்கிறார். போன வாரம் "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நல்லது" என்றும் சொல்லியிருக்கிறார். இவருடைய அம்மா இதைக் காற்று கருப்பு என்கிறார், மாமியாரோ பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் வருவதுதான் என்கிறார். இது நோயா, பாசக்குறைவா, நான் அவளிடம் என்ன பேச வேண்டும், எனக்கே சில நாளாக எதுவும் பிடிக்கவில்லையே, அதுவும் இதில் சேர்த்தியா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்சேய் நலப் பணியில் பல ஆண்டுகள் இருந்து, பிறகு மனநல ஆலோசனைக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வாக்கியம் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"நான் இல்லாம போனா நல்லது" என்பதை அலுப்பில் வந்த பேச்சு என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றோ நாளையோ லீவு சொல்லிவிட்டுப் போங்கள். போய், தனியாக உட்கார்ந்து, நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். கேட்கும்போது பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. ஆம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாமல், வீட்டில் பூச்சி மருந்தோ மிச்சமிருக்கும் மாத்திரைகளோ இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நடுராத்திரியில் எவரிடம் பேசுவது என்று தெரியாமல் தவித்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி, இது நோயா என்ற கேள்வி. பிரசவத்துக்குப் பின் வரும் மனக்கலக்கத்தில் மூன்று வகை உண்டு. முதல் வகை, உங்கள் மாமியார் சொல்கிற, எல்லோருக்கும் வருகிற வகை. நஞ்சுக்கொடி வெளியேறியவுடன் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்புகளின் அளவு உடலில் ஓரிரு நாளில் சடாரென்று சரிகிறது. அதோடு தூக்கமின்மை, தையல் வலி, பால் கட்டிக்கொண்ட மார்பின் வலி. மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வரும். டம்ளரை யாராவது சத்தமாக வைத்தால்கூட அழுகை வரும். பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது, இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடுகிறது. அந்த அளவில் மாமியார் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் மனைவிக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. இரண்டு வாரத்தைத் தாண்டி நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தன்மேல் தானே சுமத்திக்கொள்ளும் பழி, முக்கியமாகக் குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் பிடிக்காமை ஆகியவை இரண்டாவது வகையான, பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதை நான் எப்போதும் தனியாகக் கேட்பேன், ஏனென்றால் கைக்குழந்தைக்காரி தூங்கவில்லை என்பது செய்தியே அல்ல. குழந்தையைப் பாட்டி தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, இரண்டு மணி நேரம் தூங்கு என்று விட்ட பிறகும் கண் மூடவில்லை என்பதுதான் செய்தி.

மூன்றாவது வகை அரிதானது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தொடங்கும். நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல் துறுதுறுப்பு, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பது, குழந்தையை மாற்றிவிட்டார்கள், குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புவது, ஒரு மணி நேரம் தெளிவும் அடுத்த மணி நேரம் குழப்பமுமாக இருப்பது. பழைய நாட்களில் பிரசவ ஜன்னி என்ற ஒரே பெயரில் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல் பிதற்றலையும் இதையும் சேர்த்தே சொன்னார்கள். இரண்டுமே அவசரம்தான், அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். உங்கள் மனைவி "என் கொழந்த மாதிரியே தோணல" என்று சொல்வதைக் கேட்டு நீங்கள் இதை நினைத்துப் பயந்திருக்கலாம். "தோணல" என்று வருத்தப்படுவது வேறு, "இது என் கொழந்த இல்ல, மாத்திட்டாங்க" என்று சாதிப்பது வேறு. எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் போலிருக்கிறது, ஆனாலும் மருத்துவரிடம் இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள்.

காற்று கருப்பு என்கிற உங்கள் அம்மாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். தாயத்துக் கட்டுவதாலோ, தர்காவில் தண்ணீர் ஓதி வாங்குவதாலோ, கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றுவதாலோ கெடுதல் ஒன்றும் இல்லை. "அதையும் செய்வோம்மா, டாக்டரையும் பார்ப்போம்" என்று சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் ஒத்துக்கொள்வார்கள். பச்சை உடம்புக்காரியைப் பட்டினி போடுவது, அடிப்பது, புகை போட்டு மூச்சுத் திணற வைப்பது என்று யாராவது தொடங்கினால் மட்டும் உடனே குறுக்கே நில்லுங்கள்.

இரண்டாவது கேள்வி பாசம் பற்றியது. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே பெண்கள் மனத்துக்குள் அதிகமாகப் புழுங்குவது இந்த ஒன்றைப் பற்றித்தான். குழந்தையைக் கையில் வாங்கிய நொடியில் தாய்ப்பாசம் ஊற்றெடுத்துவிடும் என்று சினிமாவும் சொல்கிறது, வளைகாப்புக்கு வந்த அத்தைமார்களும் சொல்கிறார்கள். லண்டனில் ராப்சன், குமார் என்ற இரு ஆய்வாளர்கள் தலைப்பிரசவத் தாய்மார்களிடம் விசாரித்து 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 40 சதவீதம் பேர் குழந்தையை முதன்முதலாகத் தூக்கியபோது தங்களுக்குள் பெரிதாக எதுவும் எழவில்லை என்றே சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வாரத்துக்குள் பாசம் வந்துவிட்டது. சிலருக்கு நாளாகும். கடினமான பிரசவம், வலி, மயக்க மருந்து இவற்றோடு வருகிறவர்களுக்கு இன்னும் நாளாகலாம். பாசம் என்பது துடைத்து, கழுவி, முகர்ந்து, முகம் பார்த்துப் பழகப் பழக வருகிற ஒன்று. அப்படிப் பழகுவதற்கான தெம்பையே மனச்சோர்வு பறித்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் மனைவிக்குப் பாசம் இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாசமில்லாதவள் பாசம் வரவில்லையே என்று அழ மாட்டாள்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. திண்ணையில் ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார், உள்ளே தூளியில் குழந்தை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி அந்தப் பெண். நான் குழந்தையின் எடை பார்க்க வந்தவள் என்று நினைத்து எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேசினார்கள். "பால் போதலீங்க நர்ஸம்மா, ராத்திரியெல்லாம் கத்துது." நான் அந்தப் பெண்ணிடம் "உனக்கு எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "அவளுக்கு இன்னா, நல்லாத்தான் கீறா" என்றார். ஆயாதான் வெற்றிலை உரலை நிறுத்திவிட்டு, "அவளக் கேட்டா அவ சொல்லட்டும்" என்றார். வீடு அமைதியானது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டே, "என்ன யாரும் இப்பிடிக் கேக்கலக்கா" என்றாள். பிறகு முக்கால் மணி நேரம் அழுதாள். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஆயா எழுந்துபோய்க் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து வெளியே கொண்டுபோனார். அன்றைக்கு அங்கே நடந்த நல்ல வைத்தியம் இரண்டும் அந்தக் கிழவி செய்ததுதான்.

இதை ஒரு கிழவியின் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் நான் சொல்லவில்லை. வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் சி.எம்.சி. மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு 2002இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைப் பதிவு செய்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 301 பேரை மறுபடியும் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்று பார்த்தபோது தெரிந்த காரணங்களைக் கேட்டால் நம் வீட்டுத் திண்ணையில் நின்று எழுதியது போலிருக்கும்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், கடைசியாக, கூடமாட வேலைக்கு ஆள் இல்லாமை. இந்தக் கடைசிக் காரணத்தை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். ஆறுதல் என்றால் வாய்ப்பேச்சு என்று நாம் நினைக்கிறோம். பச்சை உடம்புக்காரிக்கு ஆறுதல் முதலில் கை வேலையாகத்தான் போய்ச் சேரும். பீத்துணி அலசும் கை, இரவு ஒரு மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ளும் கை, சூடாக ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைக்கும் கை. "கவலப்படாத, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் துணி மூட்டையை அவள் பக்கத்திலேயே விட்டுப் போகிறவருக்கு அவள் மனத்தில் இடமில்லை.

பெண் குழந்தை என்ற காரணத்தை நீங்கள் எழுதவில்லை, நானாகவே கேட்கிறேன். "என்ன கொழந்த?" என்று போனில் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னபோது உங்கள் குரல் எப்படி இருந்தது? உங்கள் அம்மாவின் குரல்? பிரசவ வார்டில் ஒருமுறை, இரண்டாவதும் பெண் என்று தெரிந்தவுடன், வந்திருந்த மாமியார் கொண்டுவந்த டிபன் கேரியரைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலையில் பெருக்க வந்த ஆயாம்மா அதை எடுத்துத் திறந்தபோது ரசம் புளித்துப்போயிருந்தது. அந்தத் தாய் அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் பேசுவாள், இந்தக் கேரியரைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். பிரசவமான முதல் ஒரு மணி நேரத்தில் காதில் விழும் சொல், பெண்ணின் மனத்தில் கல்லில் வெட்டியது போல நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சொல் விழுந்திருந்தால், அதைச் சொன்னவர் வந்து மன்னிப்புக் கேட்காவிட்டாலும், நீங்கள் அதைக் கேட்டீர்கள், அது தப்பு என்று உங்களுக்குத் தெரியும் என்பதையாவது மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

தாய் வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டில் இருப்பது, அவள் கோலம் போட வேண்டியதில்லை, பாத்திரம் தேய்க்க வேண்டியதில்லை என்பது, வெந்நீர் ஊற்றி அம்மாவே முதுகு தேய்த்துவிடுவது, பூண்டும் பால்சுறாவும் சமைத்துப் போடுவது எல்லாம் நம் ஆட்கள் ஆராய்ச்சி இல்லாமலே கண்டுபிடித்து வைத்த நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாட்டில் சில கொடுமைகளும் கலந்திருக்கின்றன. வெயில் கொளுத்தும் வேலூர்ப் பக்கத்து வைகாசியில் காதில் பஞ்சை அடைத்து, காற்றில்லாத அறையில் படுக்கவைத்து, தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று டம்ளரைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தாய்க்கு நீர் குறைந்தால் தலைவலியும் மலச்சிக்கலும் சோர்வும்தான் மிஞ்சும். இன்னொன்று, பார்க்க வருகிறவர்களின் கூட்டம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருகிற ஒவ்வொருவரும் பால் இருக்கிறதா, நார்மலா சிசேரியனா, குழந்தை யார் ஜாடை, ஏன் இப்படிக் கறுத்துப் போயிருக்கிறது என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தங்கள் பிரசவக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த வரவைக் குறைப்பது உங்கள் மாமியாரால் மட்டுமே முடியும்; தன்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நார்மலா சிசேரியனா என்ற கேள்வியும் ஒரு முள். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனில் நடந்தன. அதாவது இங்கே பிள்ளை பெறுகிறவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் உங்கள் மனைவியைப் போலத்தான். இருந்தும் "கஷ்டப்படாம பெத்துட்ட" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுவார். வயிற்றை அறுத்துத் தைத்தவளிடம் அதைச் சொல்லலாமா?

பிரசவ அறையில் உங்கள் மனைவியோடு யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. இது முடிந்துபோன விஷயம் போலத் தோன்றினாலும் இன்றைய அழுகைக்கு அங்கே ஒரு வேர் இருக்கக்கூடும். குவாத்தமாலாவில் ஒரு மருத்துவமனையில் நடந்து 1980இல் வெளியான ஆய்வில், பிரசவ வலியின்போது முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணைக் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கச் செய்தார்கள். அப்படித் துணை இருந்தவர்களுக்குப் பிரசவம் சராசரியாக 8.8 மணி நேரத்திலும் துணையில்லாதவர்களுக்கு 19.3 மணி நேரத்திலும் முடிந்தது. வித்தியாசம் எல்லா ஊரிலும் இவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும், பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோதும் துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, சிசேரியன் குறைந்தது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல், உறவுக்காரப் பெண் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்கும் திட்டம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு: ஆண் மருத்துவரை உள்ளே விடக் குடும்பத்தார் இசையாததால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான், பின்னாளில் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார், திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது பெண்ணின் உயிரையும் தொடும், மனத்தையும் தொடும்.

ஆபரேஷன் தியேட்டரில் துணை இருந்திருக்க வாய்ப்பில்லை. திடீரென்று முடிவெடுத்து, கையெழுத்து வாங்கி, தள்ளுவண்டியில் கொண்டுபோயிருந்தால், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அந்த அரை மணி நேரம் சிலருக்குக் கனவில் திரும்பத் திரும்ப வரும். சில பெண்களுக்கு யாரோ ஒருவர் வலியில் கத்தியபோது திட்டிய சொல் வரும். ஆகவே மனைவியிடம் "அன்னிக்கு உள்ள என்ன நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லு" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். சொன்னால், நடுவில் புகுந்து "அதான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே" என்று கதவைச் சாத்தாதீர்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் மனைவி யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். அரிவாள்மணையைப் பார்த்தால் குழந்தை அதன்மேல் விழுவது போல, மொட்டைமாடியில் நின்றால் குழந்தையைக் கைநழுவ விடுவது போல, குளிப்பாட்டும்போது தண்ணீரில் அமுக்கிவிடுவது போலக் காட்சிகள் பளிச்சென்று மனத்தில் வந்து போவது கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் மிகச் சாதாரணமாக நடப்பது. அதைக் கண்டு நடுங்கி, குழந்தையைத் தூக்கவே பயந்து, பால் கொடுத்ததும் பாட்டியிடம் நீட்டிவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பாசமில்லாதது போலத் தெரியும். உள்ளே நடப்பது குழந்தையைத் தன்னிடமிருந்தே காப்பாற்றும் முயற்சி. அப்படி நினைப்பு வருவதைக் கண்டு அருவருத்து அஞ்சுகிற தாயால் குழந்தைக்கு ஆபத்து நேர்வது மிக மிக அரிது. அந்த நினைப்பு நியாயமானது என்று தோன்றத் தொடங்கினாலோ, ஏதோ குரல் அப்படிச் செய்யச் சொல்கிறது என்றாலோதான் அவசரம். சில பெண்கள் இதை என்னிடம் சொல்லும்போது வாசற்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளில் தொடங்குவார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது போன்ற கேள்விகள். 1987இல் எடின்பரோவில் உருவான அளவுகோல் அது. தமிழிலும் இருக்கிறது, வேலூரிலேயே நம் பெண்களிடம் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது. கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்காதபோது கேட்டால்தான் அதற்கு மதிப்பு, அதை நீங்களே முன்வந்து சொல்லிவிட்டு வெளியே போய் உட்காருங்கள். ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள். இரண்டுமே மனச்சோர்வு போலவே ஆளைச் சாய்க்கும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு ஏறி இறங்குவது அபூர்வமல்ல. சோர்வு லேசாக இருந்தால் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். அதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை: பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பேச வைத்து, அதனால் தாய்மாரின் மனச்சோர்வு பெருமளவு நீங்கியதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. கோவாவில் அக்கம்பக்கத்துப் பெண்களையே வைத்துப் பிறகு முயன்றார்கள்.

சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரை தருவார்கள். மாத்திரை என்றதும் வீட்டில் முதலில் எழும் கூச்சல் பாலை நிறுத்திவிடு என்பதாக இருக்கும். செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே போகின்றன, பெரும்பாலான தாய்மார் பால் கொடுத்துக்கொண்டே அவற்றை எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் வயதையும் எடையையும் மருத்துவரிடம் சொன்னால் போதும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும், அதற்குள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒருவேளை ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னாலும் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பாகாயத்தில் குடும்பத்தார் ஒருவர் நோயாளியோடு தங்குவது தொடக்க காலத்திலிருந்தே உள்ள பழக்கம்.

கடைசியில் உங்களைப் பற்றி. உங்களுக்கே எதுவும் பிடிக்கவில்லை என்றீர்களே, ஆம், அதுவும் இதில் சேர்த்திதான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் கணக்கிட்டபோது, குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னுமான காலத்தில் தகப்பன்மாரில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. மனைவிக்கு இருந்தால் கணவருக்கும் இருக்கும் வாய்ப்புக் கூடுதல். ஆணுக்கு அது பெரும்பாலும் அழுகையாக வெளிவருவதில்லை. எரிச்சலாக, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சுற்றுவதாக, டாஸ்மாக் கடை வாசலாக வெளிவரும். நம் பக்கத்து வழக்கத்தில் தகப்பன் மூன்று மாதம், ஐந்து மாதம் வரை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. மாமியார் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் பார்த்துப் பழகிய குழந்தைமேல் உங்களுக்கும் அந்நியம் தோன்றினால் ஆச்சரியமில்லை. குழந்தையை நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் ஆணின் உடலிலேயே மாற்றம் நேர்வதைப் பிலிப்பைன்ஸில் செபுவில் 624 இளைஞர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது; தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு குறைந்தது, நாளொன்றுக்கு அதிக நேரம் குழந்தையோடு செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது.

இந்த முறை போகும்போது காபியைக் குடித்துவிட்டு, "அத்த, இன்னிக்கு ராத்திரி நான் இங்கியே தங்கறேன், கொழந்தைய நான் பாத்துக்கறேன், நீங்களும் தூங்குங்க" என்று சொல்லுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும். மனைவி பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீட்டும்போது பாட்டிக்கு முன்னால் உங்கள் கையை நீட்டுங்கள். தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது எப்படி, தலையைத் தாங்குவது எப்படி என்று அத்தையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனைவியிடம் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டு, அதற்கு இல்லை என்று பதில் வந்தால், அன்றிரவு அதற்குமேல் அதிகம் பேச வேண்டாம். "உனக்கு ஒடம்பு செரியில்ல, இதுக்கு வைத்தியம் இருக்கு, காலைல நாம போறோம், நானும் வரேன்" என்பது போதும். காலையில் கிளம்பும்போது பிரசவ சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, சாப்பிடும் மாத்திரை அட்டைகள், கர்ப்ப காலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இரண்டு மாற்றுத் துணி, ஒரு வெந்நீர் பிளாஸ்க். அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் காதால் கேட்டுவிட்டால், வீட்டில் மாத்திரையை நிறுத்தச் சொல்லி வருகிறவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.